சிறு பொய்கையும் சிறு வள்ளமும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

ஆண்டு விழா மேடையில் வள்ளுவரும் இளங்கோவும் கம்பரும் எழுந்தருளுவது நம் சங்கத்தின் வழக்கம். எனக்கு முன் பேசிய அறிஞர்கள் அப்பெருமக்களின் புகழை நயம்பட எடுத்துரைத்தார்கள். நான் கொணர்ந்துள்ள பொருளோ மிகச் சிறியது. ஆள் நடமாட்டம் குறைந்த ஒரு சிறிய ஏரி; அதன்மீது ஒரு சிறிய வள்ளம்; அவ்வளவே. இதனைப் பேச ஒரு மேடை வேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம். சற்றுப் பொறுத்துக் கேட்டருளுங்கள்.

இப்பொருளை எனக்கு எடுத்துக் கொடுத்தவள் நம் காலனிச் சிறுமி ஒருத்தி. கோடை விடுமுறையில் பெற்றோருடன் கோடைக்கானல் சென்று திரும்பியவளிடம், "ஏரியில் படகு ஏறினாயா, அம்மா?" என்று கேட்டேன். "ஏறினேன், தாத்தா. ஆனால் ஏரியைத்தான் பார்க்க முடியவில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் படகாகவே இருந்தது" என்றாள். மதுரைக் கலெக்டராயிருந்த லெவிஞ்சு என்பவர் 1863இல் ஓடைகளை மறித்து அமைத்த அழகிய ஏரி அது. அதன் கரையில் கடைகளும் குதிரைகளும் மிதிவண்டிகளும் நெருங்கி நிற்கின்றன. குறை ஏரியின் மீது அன்று. யாவரும் எளிதில் சென்று சேரும் நீர்நிலைக்கு யாவரும் சென்று சேர்கின்றனர். ஆனால் "ஏரியைப் பார்க்க முடியவில்லை" என்ற அக்குழந்தையின் சொல் என் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. ஏனெனில் அதே குறை என்னிடமும் இருந்தது. அதனை நான் உணர்ந்தது கடல் கடந்த ஒரு நாட்டில்.

சில ஆண்டுகளுக்கு முன் என் தங்கை மகனைக் காணக் கனடா சென்றிருந்தேன். அவன் டொராண்டோ நகரில் குடும்பத்துடன் வாழ்கிறான். அந்நகரின் வாயிலிலேயே ஒன்டாரியோ ஏரி பரந்து கிடக்கின்றது. அதன் பரப்பு ஏறத்தாழ 19,000 சதுர கிலோமீட்டர். கரையில் நின்று நோக்கினால் மறுகரை தோன்றாது. "ஏரி என்கிறாயே, இது நம் சங்குமுகம் கடலைப் போலன்றோ இருக்கிறது!" என்றேன். அவன் நகைத்து, "மாமா, இதைக் கண்டுவிட்டு ஏரியைக் கண்டதாக எண்ணிவிடாதீர்கள். இந்த வாரக் கடைசியில் உங்களை ஏரிக்கு அழைத்துச் செல்கிறேன்" என்றான்.

நகரத்திற்கு வடக்கே பல மணி நேரம் காரில் சென்றோம். அல்கான்குவின் பூங்கா என்பது அவ்விடத்தின் பெயர். பூங்கா என்றவுடன் பூச்செடியையும் ஊஞ்சலையும் நினைக்க வேண்டா. 1893ஆம் ஆண்டிலேயே அரசு காத்து வைத்த பெருங்காடு அது. 7,000 சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்டது. அக்காட்டினுள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏரிகள் உள்ளன. முன்னொரு காலத்தில் அந்நிலம் முழுவதையும் கனத்த பனிப்பாளம் மூடியிருந்தது. அது மெல்ல நகர்ந்தபொழுது கடும்பாறையைச் சுரண்டிப் பள்ளங்கள் ஆக்கியது. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் அப்பாளம் உருகி விலகியபொழுது பள்ளந்தோறும் நீர் தங்கிற்று. அப்பள்ளங்களே இன்றைய ஏரிகள்.

அந்த ஏரிகளைக் காண்பதற்கென்றே ஒரு தோணி உண்டு. 'கனூ' என்பர். அந்நாட்டின் தொல்குடி மக்கள் பிர்ச்சு மரத்தின் பட்டையால் செய்து பழகிய தோணி அது. ஓர் ஏரியிலிருந்து மற்றோர் ஏரிக்கு நீர்வழி இல்லையென்றால், தோணியைக் கரையேற்றித் தலைகீழாகக் கவிழ்த்துத் தோளில் சுமந்து காட்டுப் பாதையில் நடக்க வேண்டும். இதற்காகவே எடை குறைந்த தோணி வேண்டியிருந்தது. இன்று கெவ்லார் என்னும் செயற்கை இழையால் செய்கின்றனர். இருபது கிலோவுக்குள் அடங்கும் தோணிகளும் உண்டு.

நாங்கள் புறப்பட்ட முதல் ஏரியில் பல தோணிகள் இருந்தன. பேச்சும் சிரிப்பும் கேட்டன. சற்று நேரம் துடுப்பு வலித்தபின் முதற்சுமை வந்தது. சுமார் முந்நூறு மீட்டர் தூரம் என் மருமகன் தோணியைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு நடந்தான்; அவன் மனைவி மூட்டைகளைச் சுமந்தாள்; முதியவன் என்று எனக்குத் துடுப்புகளை மட்டும் கொடுத்தார்கள். இரண்டாம் ஏரியில் தோணிகள் பாதியாகக் குறைந்தன. மூன்றாம் சுமை ஒரு கிலோமீட்டருக்கும் மிகுதி. வேர்களும் சேறும் கொசுவும் நிறைந்த பாதை. அப்பாதையின் முடிவில் மரங்களுக்கிடையே ஒரு சிறிய ஏரி தெரிந்தது. நம் ஊர்த் தெப்பக்குளங்கள் நான்கைந்தை ஒன்றாகச் சேர்த்தால் எவ்வளவோ அவ்வளவே அதன் பரப்பு. அங்கே ஒருவரும் இல்லை.

அன்பர்களே, பேரேரியின் கரையில் நின்றபொழுது எனக்கு வியப்பு ஒன்றே தோன்றியது. இச்சிற்றேரியின் நடுவே அமர்ந்தபொழுது தோன்றியது வேறு. கரை முழுவதும் ஒரு பார்வைக்குள் அடங்கிற்று. சாய்ந்த மரம் எது, கொக்கு நிற்கும் பாறை எது, ஓடை வந்து விழும் மூலை எது என்பதெல்லாம் ஒரு நாழிகைக்குள் பழக்கமாயின. பெரிய ஏரியில் காற்றும் அலையும் எழும். கண்ணும் கையும் அவற்றோடு போராடவே பொழுது சரியாகிவிடும். சிறிய ஏரியில் மரங்கள் காற்றைத் தடுத்து நிற்கின்றன. நீர் அசையாமல் கிடக்கிறது. துடுப்பிலிருந்து சொட்டும் துளியின் ஒலியும் கேட்கிறது. பேரூரில் ஆயிரம் பேரைக் காண்கிறோம். சிற்றூரில் பத்துப் பேரை அறிகிறோம். ஏரியும் அத்தகையதே.

அன்றிரவு கரையில் கூடாரமிட்டுத் தங்கினோம். இருளில் ஒரு பறவை நெடிய குரலில் அழைத்தது. லூன் என்னும் நீர்ப்பறவை அது. 1987 முதல் அந்நாட்டு ஒரு டாலர் நாணயத்தில் அதன் உருவத்தைப் பொறித்திருக்கிறார்கள். அக்காட்டின் உட்பகுதியில் ஒரு தங்கிடத்தில் ஒன்பது பேருக்கு மேல் தங்கலாகாது. தகர டப்பாவும் கண்ணாடிப் புட்டியும் கொண்டு செல்லலாகாது. இவ்விதிகளை என் மருமகன் கோயில் ஒழுக்கம் போலக் காத்தான்.

தீயருகே அமர்ந்திருந்தபொழுது அவன் மனைவி என்னை ஒரு கேள்வி கேட்டாள். அவள் யாழ்ப்பாணத்துப் பெண். கடல்நீரேரி ஓரத்தில் பிறந்தவள். "மாமா, நீங்கள் இருக்கும் திருவனந்தபுரத்தைச் சுற்றிலும் காயல்கள் உண்டு என்கிறார்களே. நீங்கள் அடிக்கடி வள்ளத்தில் செல்வீர்களா?" என்றாள்.

நான் வாயடைத்துப் போனேன். பொருநைக் கரையில் பிறந்து, ஊர்க்குளத்தில் நீந்திக் களித்தவன் நான். வேலை கிடைத்துச் செங்கோட்டை வழியாக ரயிலேறி இந்நகருக்கு வந்தபொழுது வயது இருபத்திரண்டு. அதன்பின் நாற்பத்தோராண்டு இங்கே வாழ்ந்திருக்கிறேன். அலுவலகம், சாலைக் கடைத்தெரு, பழவங்காடிப் பிள்ளையார், பத்மநாபர் சன்னிதி, நம் சங்கம், பண்டிகைக்குச் சொந்த ஊர். இதுவே என் உலகம். ஒருநாளேனும் ஒரு வள்ளத்தில் கால் வைத்தேனில்லை. பதினாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் வந்து ஓர் அயல்நாட்டு ஏரியின் மூலை முடுக்கை அறிந்துகொண்டேன். என் வீட்டிலிருந்து பேருந்தில் செல்லும் தொலைவிலுள்ள காயலின் நிறம் என்ன என்று எனக்குத் தெரியாது.

இத்தனைக்கும் இது நீர்வழியால் வாழ்ந்த ஊர். ரயில் வருமுன் வடக்கே செல்வோர் வள்ளக்கடவில் தோணியேறினர். பார்வதி புத்தனாறு என்னும் வெட்டாறு வழியாக வேளிக்கும், கடினங்குளத்திற்கும், அதற்கப்பால் கொல்லத்திற்கும் சென்றனர். வர்க்கலைக் குன்று குறுக்கே நின்றபொழுது அதனைக் குடைந்து வள்ளம் செல்ல வழி கண்டனர். 1918இல் கொல்லத்திலிருந்து ரயில் வந்தது. 1931இல் அது தம்பானூரை அடைந்தது. அதன்பின் நீர்வழிப் பயணம் மெல்ல மறைந்தது. நம் முன்னோர் பலர் ரயிலில் வந்தவர்கள், ஆகவே இந்நாட்டைத் தரைவழியாகவே அறிந்தோம், நீர்வழியாக அறிந்தோமில்லை.

ஊர் திரும்பிய மறுவாரமே வெள்ளாயணிக் காயலுக்குச் சென்றேன். நகரின் தெற்கே சில கல் தொலைவில் உள்ளது அது. கோவளத்தின் உப்புக் கடல் அருகிலேயே முழங்குகின்றது; எனினும் காயலின் நீர் நன்னீர். அதன் கரையில்தான் 1955இல் வேளாண்மைக் கல்லூரி தோன்றியது. கதிரவன் எழுமுன் கரையில் நின்றேன். முதிய வள்ளக்காரர் ஒருவர் தம் வலையை எடுத்து ஒரு புறம் வைத்து எனக்கு இடம் தந்தார். 'கொதும்பு வள்ளம்' என்று மலையாளத்தில் சொல்லும் மிகச் சிறிய தோணி. தென்னம்பாளையைக் கொதும்பு என்பர். பாளை மிதப்பது போலவே அது மிதந்தது. நடுவே அடக்கமாக அமர்ந்தேன்.

நாணல் ஓரத்தைக் கடந்தோம். தாமரை இலைகள் பரந்து கிடந்தன. அவற்றின்மீது தாமரை இலைக்கோழி ஒன்று தரையில் நடப்பது போல நடந்து சென்றது. அதன் விரல்கள் மிக நீண்டவை. உடலின் எடையை அவை பரப்பித் தாங்குவதால் இலை அமிழ்வதில்லை. அப்பறவையின் குடும்பத்தில் முட்டையை அடைகாப்பது ஆண். குஞ்சுகளைப் பேணுவதும் ஆண். இங்கே அமர்ந்துள்ள ஆடவர்கள் இதனைக் குறித்துக்கொள்ள வேண்டுகிறேன். நீர்க்காகம் மூழ்கி எழுந்து சிறகு உலர்த்தியது. முக்குளிப்பான் மறைந்து மறைந்து தோன்றியது. வள்ளக்காரர் துடுப்பை எடுத்துக் குறுக்கே வைத்துவிட்டார். வள்ளம் தானே மெல்ல ஊர்ந்து நின்றது. நகரம் அத்துணை அருகில் இருந்தும் அதன் ஓசை ஒன்றும் எட்டவில்லை. தொலைவு என்பது கல் கணக்கு அன்று என்பதை அப்பொழுதே உணர்ந்தேன். சொந்தக் கையால் துடுப்பு வலித்துச் செல்லும் இடம், இயந்திரப் படகும் ஒலிபெருக்கியும் எட்டாத இடம், எங்கிருந்தாலும் அது தொலைவான இடமே.

வள்ளக்காரர் கேட்டார்: "சாரே, எத்தனை வருடமாக இங்கே இருக்கிறீர்கள்?"

"நாற்பத்தோரு வருடம்."

"காயலுக்கு எத்தனை முறை வந்திருக்கிறீர்கள்?"

"இன்றுதான் முதல் முறை."

அவர் சிரித்தார். "அப்படியானால் நீங்கள் இன்றுதான் வந்திருக்கிறீர்கள்" என்றார்.

அச்சொல்லை நான் மறக்க இயலவில்லை. நாம் ஒவ்வொருவரும் இதனைச் சிந்திக்க வேண்டும். ஓர் ஊரில் வீடு கட்டிவிட்டால் அவ்வூரினர் ஆகிவிடுவோமா? வரியும் வாடகையும் கொடுத்துவிட்டால் போதுமா? அவ்வூரின் நீரை அறியும்வரை நாம் விருந்தினரே. பெரிய நீரைப் பயணியும் அறிவான். வேம்பநாட்டுக் காயலின் படம் எல்லா நாட்காட்டிகளிலும் இருக்கிறது. சிறிய நீரை அறிபவன் ஊர்க்காரன் மட்டுமே.

நம் மொழியும் இவ்வுண்மையைக் காட்டுகின்றது. ஏரி, ஏந்தல், தாங்கல், கண்மாய், குளம், ஊருணி, பொய்கை, இலஞ்சி, கயம், மடு, சுனை என்று நீர்நிலைக்கு எத்தனை பெயர்கள்! இவற்றுள் பல சிறு நீர்நிலைகளின் பெயர்கள். பாறை இடுக்கில் ஊறும் நீருக்கும் ஆற்றின் ஆழ்ந்த இடத்திற்கும் தனித்தனிப் பெயர் வைத்தவர்கள் அவற்றின் அருகே சென்று அமர்ந்து பழகியவர்கள் அல்லரோ? கழியும் காயலும் நம் சொற்கள். தோணியும் ஓடமும் வள்ளமும் நம் சொற்கள். சொல் நம்மிடம் இருக்கிறது, பொருளைத்தான் விட்டுவிட்டோம்.

திரும்பும் வழியில் அம்முதியவர் ஒரு தென்னந்தோப்பைச் சுட்டிக்காட்டினார். தம் இளமையில் அதன் வேர் வரை நீர் நின்றதாகச் சொன்னார். புஞ்சைப் பயிருக்காக நீரை இறைத்து வெளியேற்றிய காலமும் இருந்தது, பின்னர்க் கரையோரங்கள் மேடாயின, பாசியும் களையும் படர்ந்தன, காயல் சுருங்கிற்று. பெருங்கடலில் ஒரு குடம் அழுக்கைக் கொட்டினால் தெரியாது. சிறு பொய்கையில் தெரியும். அதன் அழகுக்குக் காரணமாகிய சிறுமையே அதன் அழிவுக்கும் வாயிலாகிறது.

கொல்லம் மாவட்டத்துச் சாஸ்தாங்கோட்டைக் காயலையும் பின்னர்ச் சென்று கண்டேன். கேரளத்தின் நன்னீர் ஏரிகளுள் அதுவே பெரியது. எனினும் அதன் பரப்பு ஏறத்தாழ 3.7 சதுர கிலோமீட்டரே. குன்றுகள் சூழ, தர்ம சாஸ்தாவின் கோயில் கரையில் நிற்க, அமைதியாகக் கிடக்கிறது. ஆறு எதுவும் அதில் வந்து விழுவதில்லை. மழையும் ஊற்றுமே அதன் வாழ்வு. கொல்லம் நகர மக்களுக்குக் குடிநீர் தரும் தாய் அது. 2002இல் அனைத்துலக ராம்சர் பட்டியலில் அது இடம் பெற்றது. அத்தகைய ஏரியிலும் கோடையில் நீர் வெகுவாக விலகிய ஆண்டுகள் உண்டு. அருகிலுள்ள கல்லடையாற்றுப் பகுதியில் ஆழமாக மணல் அகழ்ந்தது அதற்குக் காரணங்களுள் ஒன்று என்பர். பட்டியலில் பெயர் இருந்தால் மட்டும் போதாது. நீரை நேரில் சென்று பார்ப்போர் வேண்டும். பாராத பொருள் குறைந்தால் யார் அறிவார்?

இங்கே தாய்மார்கள் முகத்தில் ஒரு கலக்கம் தோன்றக் காண்கிறேன். "குழந்தைகளைத் தண்ணீரில் ஏற்றச் சொல்கிறாரே!" என்று நினைக்கிறீர்கள். உங்கள் அச்சம் நியாயமானது. அதனை நான் இலேசாக எண்ணவில்லை. மலையாளத்தின் மாகவி குமாரன் ஆசான் 1924 ஜனவரியில் பல்லனையாற்றில் 'ரிடீமர்' என்னும் படகு கவிழ்ந்து உயிர் நீத்தார். நான் துடுப்பு வலித்துப் புறப்பட்ட அந்தக் கனடா ஏரியிலேயே, தோணி செலுத்துவதில் பழகிய டாம் தாம்சன் என்னும் ஓவியர் 1917இல் மாண்டார். குமரகத்தில் 2002இலும், தட்டேக்காட்டில் 2007இலும், தேக்கடியில் 2009இலும், தானூரில் 2023இலும் படகுகள் கவிழ்ந்து பலர் மாண்டதை நாம் அறிவோம். தட்டேக்காட்டில் மாண்டோர் பள்ளிச் சிறுவரும் அவர்தம் ஆசிரியருமாவர்.

ஆனால் அச்சம் நம்மை எங்கே கொண்டு செல்ல வேண்டும்? நீரைவிட்டு ஓடச் செய்வதா, நீரை அறியச் செய்வதா? தாங்கும் அளவுக்கு மேல் ஆளேற்றிய படகு எவ்வளவு பெரிதாயினும் எமனின் வாகனமே. சிறு வள்ளமும் கவிழக்கூடியதே. ஆதலால் அதற்குரிய ஒழுக்கத்தை விடலாகாது. வள்ளத்தில் எழுந்து நிற்கலாகாது. வள்ளக்காரர் சொன்ன எண்ணிக்கைக்கு மேல் ஒருவரும் ஏறலாகாது. முதியவராயினும் நீந்தத் தெரிந்தவராயினும் மிதவைச் சட்டை அணிய வேண்டும். காற்றும் மழையும் மிகுந்த நாளில் கரையிலேயே நிற்க வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னே, நம் குழந்தைகளுக்கு, ஆணாயினும் பெண்ணாயினும், நீந்தக் கற்பிக்க வேண்டும். கிராமத்துக் குளத்தில் நமக்குத் தானே வந்த கல்வி அது. காலனியில் பிறந்த குழந்தைக்கு நாம் தேடித் தரவேண்டிய கல்வி.

ஆகவே சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம் செய்து என் உரையை முடிக்கிறேன். ஆண்டுதோறும் பேருந்து அமர்த்தி உல்லாசப் பயணம் செல்கிறோம்; நன்று. அதனோடு, மழை ஓய்ந்த மாதங்களில் விடியற்காலையில், நாலைந்து குழந்தைகளை மட்டும் ஒரு முறைக்கு அழைத்துக்கொண்டு, உரிமம் பெற்ற, பழக்கமான வள்ளக்காரரின் துணையுடன் இத்தகைய சிறு நீர்நிலை ஒன்றுக்குச் செல்வோம். பாட்டுப் பெட்டி வேண்டா. கொண்டு சென்ற காகிதமும் பையும் கொண்டு சென்றபடியே திரும்பி வரட்டும். ஒவ்வொரு குழந்தையும் ஒரு பறவையின் பெயரைத் தமிழிலும் மலையாளத்திலும் அறிந்து வரட்டும். நீர் சென்ற ஆண்டு எங்கே நின்றது, இவ்வாண்டு எங்கே நிற்கிறது என்று பார்த்து வரட்டும். அக்கணக்கை அறிந்த குழந்தை வளர்ந்தபின் அக்காயலைத் தூர்க்க ஒருநாளும் உடன்பட மாட்டாது.

அன்பர்களே, நம் பொதிகை மலையை நினைத்துப் பாருங்கள். 1,868 மீட்டர் உயர்ந்து நிற்கும் அகத்தியர் மலையின் கிழக்குச் சரிவில் பெய்யும் மழை பொருநையாகி நம் பிறந்த ஊரை அடைகின்றது. மேற்குச் சரிவில் பெய்யும் மழை நெய்யாறாகவும் கரமனையாறாகவும் ஓடி நாம் வாழும் இந்நாட்டை அடைகின்றது. முகில் ஒன்றே, மலை ஒன்றே. பிறந்த ஊரின் நீரைத் தாய் என்று போற்றுகின்ற நாம், வாழ வந்த ஊரின் நீரை அயலார் நீர் என்று விட்டுவிடலாமா?

"ஏரியைப் பார்க்க முடியவில்லை" என்று சொன்ன அச்சிறுமி இதோ முன்வரிசையில் அமர்ந்திருக்கிறாள். வருகின்ற ஞாயிற்றுக்கிழமை, அவள் பெற்றோரின் இசைவுடன், அவளை வெள்ளாயணிக்கு அழைத்துச் செல்கிறேன். வள்ளத்தில் இன்னும் ஒருவருக்கு இடம் உண்டு. வருவோர் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுக்கலாம்.